பிரேக் தட்டும் திருகு அளவியும்

மாணவர்களே, மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத்தில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் துளைகளிட்ட பளபளப்பான தட்டு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிரேக் தட்டு. பட்டறைகளில் ‘டிஸ்க்’ என்பார்கள். மணலிலும் சேற்றிலும் ஓடும் நான்கு சக்கர வண்டிகளிலும் இதே அமைப்புதான். இந்தத் தட்டை எப்போது மாற்ற வேண்டும்? உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள ஒரு கருவியே இதற்கு விடை சொல்லிவிடும்.

முதலில் தட்டின் வேலையைப் பார்ப்போம். கைப்பிடியை அழுத்தினால் குழாயிலுள்ள பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் கடத்துகிறது. நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான் இது. சிறிய பிஸ்டன் நகர, பெரிய பிஸ்டன் மிகுந்த விசையுடன் பிரேக் கட்டைகளைத் தட்டின் இரு பக்கமும் வைத்து நெருக்குகிறது. உராய்வினால் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. பிரேக் வண்டியின் ஆற்றலை அழிப்பதில்லை, உருமாற்றுகிறது. அவ்வளவுதான்.

எவ்வளவு வெப்பம்? இருவர் அமர்ந்த வண்டியின் நிறை 250 கிலோகிராம், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் 50,000 ஜூல். பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன் பிரேக்குக்கே பெரும் பங்கு. அது 35,000 ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் நிறை 1 கிலோகிராம், எஃகின் தன்வெப்பம் சுமார் 460 என்றால், ஒரே நிறுத்தத்தில் தட்டின் வெப்பநிலை 76 டிகிரி செல்சியஸ் உயரும். அதே தட்டு தேய்ந்து எட்டில் ஒரு பங்கு நிறையை இழந்திருந்தால் உயர்வு 87 டிகிரி. அடுத்தடுத்துப் பிரேக் போட்டால் ஆறுவதற்கு நேரமில்லாமல் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். மெலிந்த தட்டு வளையும், விரிசலும் விடலாம். கட்டைகள் வழியே வெப்பம் பிரேக் ஆயிலுக்கும் ஏறும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஆகவே கைப்பிடி முழுவதும் உள்ளே போகும், வண்டியோ நிற்காது!

இனித் தூத்துக்குடிக்கு வருவோம். முத்தையாபுரம், தருவைகுளம் பக்கத்து உப்பளச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு வேறொரு பகை உண்டு. கடல் உப்பில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. இது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையில்லாத நாளிலும் உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கும். மின்னோட்டத்தைக் கடத்தும் அந்தப் படலத்தில் இரும்பு விரைவாகத் துருவாகிறது. “தட்டு எவர்சில்வர் அல்லவா?” என்று கேட்பீர்கள். நல்ல பாத்திர எஃகில் குரோமியம் 18 சதவீதம். மோட்டார் சைக்கிள் தட்டுக்கோ கடினமாக்கத்தக்க எஃகு வேண்டும், அதில் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதமே. கார்களின் தட்டு வெறும் வார்ப்பிரும்பு. ஓரிரவில் செம்மை பூத்துவிடும்.

மேலே பூத்த அந்தத் துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாலைந்து முறை பிரேக் போட்டால் கட்டைகளே துடைத்துவிடும். மறைவில் பிடிக்கும் துருதான் கெடுதல் செய்வது. பிரேக் கட்டைகளைத் தாங்கும் அமைப்பு வழுக்கி நகர வேண்டிய ஊசிகளில் துருவேறினால், ஒரு பக்கக் கட்டை தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். தட்டு ஒரு பக்கமாகத் தேயும், ஓயாமல் சுடும்.

தேய்வை எப்படி அறிவது? தட்டிலேயே குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். 4 மில்லிமீட்டர் தட்டுக்கு அது 3.5 ஆக இருக்கலாம், வண்டிக்கு வண்டி மாறும். அரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் அளவியை வைத்தால் ஏமாறுவீர்கள். கட்டை படாத வெளிவிளிம்பு தேயாமல் மேடாக நிற்பதால், அதன் நீண்ட தாடைகள் அந்த மேட்டில் அமர்ந்து கூடுதலாகக் காட்டும். திருகு அளவியின் முனைகள் விளிம்பைத் தாண்டித் தேய்ந்த இடத்தையே பிடிக்கும். மீச்சிற்றளவும் 0.01 மில்லிமீட்டர். தட்டு ஆறிய பின் சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவுதான் கணக்கு, சராசரி அல்ல.

மாற்றுவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. நீங்கள் அருகிலிருந்து கவனியுங்கள். சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டுகளை நீக்கிப் பழைய தட்டை எடுத்ததும், அது அமர்ந்திருந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்கிறாரா? நம் கடற்கரையில் இதை விடவே கூடாது. ஒரு துருச் செதில் அங்கே தங்கினாலும் புதுத் தட்டு கோணலாக அமர்ந்து, பிரேக் போடும்போது கைப்பிடி துடிக்கும். புதுத் தட்டில் பூசியுள்ள துருக்காப்பு எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, வண்டி நிறுவனம் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும். கட்டைகளும் புதியவையாக இருப்பதே முறை. பழைய கட்டையில் பழைய தட்டின் வரிகள் பதிந்திருக்கும். வண்டியை எடுக்குமுன் கைப்பிடியைப் பலமுறை அழுத்திக் கெட்டிப்படுத்தாவிட்டால் முதல் பிரேக்கே பிடிக்காது. கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று படியும்வரை சில நாட்கள் நிதானமாக ஓட்ட வேண்டும்.

கழற்றிய தட்டு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அதைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். வெளிவிளிம்பையும் தேய்ந்த வளையத்தையும் தனித்தனியே அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். உப்பளத்தில் ஓடிய வண்டியின் தட்டு ஒன்றும் ஊருக்குள் ஓடியது ஒன்றும் கிடைத்தால் இன்னும் நல்லது.