பச்சைப் பொத்தானை விட்ட பின்னும் மோட்டார் ஓடுவது ஏன்?

கிணற்று மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஓர் ஓசை. மோட்டார் ஓடத் தொடங்குகிறது. விரலை எடுத்ததும் பொத்தான் வெளியே வந்துவிடுகிறது, மோட்டாரோ நிற்பதில்லை. ஆனால் மின்சாரம் சிறிது நேரம் நின்று மீண்டும் வந்தால், அது தானாக ஓடுவதில்லை. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது என்ன?

5 குதிரைத்திறனுள்ள மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நேரடியாக இயக்கினால், தொடக்கத்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு பாயும். வீட்டு விளக்குக்கான சுவிட்சு இதைத் தாங்காது. மேலும், மோட்டாரின் சுருள்களுக்கு மின் தூண்டல் பண்பு உண்டு. ஆதலால் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. தொடுமுனைகள் பிரியும்போது இடையிலுள்ள காற்றே கடத்தியாக மாறி, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள மின்வில் தோன்றும். மெதுவாகப் பிரித்தால் அது நீடித்து, உலோகத்தை உருக்கிவிடும்.

எனவே இவ்வேலையை ஒரு மின்காந்தம் செய்கிறது. அக்கருவியே காண்டாக்டர். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகமும், அதைச் சுற்றிக் கம்பிச்சுருளும் இதில் உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால், எதிரேயுள்ள இரும்புத் துண்டு இழுக்கப்படுகிறது. அதனுடன் நகரும் வெள்ளிக் கலவைத் தொடுமுனைகள் மூன்று கம்பிகளையும் ஒரே சமயத்தில் இணைக்கின்றன. மின்னோட்டம் நின்றால் சுருள்வில் அவற்றை விரைந்து பிரிக்கிறது. இரும்பு ஒட்டிய பின் சுருளுக்குத் தேவைப்படுவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே!

இனிப் புதிரை விடுவிப்போம். அதே இரும்புத் துண்டு நான்காவதாக ஒரு சிறு தொடுமுனையையும் மூடுகிறது. இது பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பில் உள்ளது. விரலை எடுத்தாலும், சுருளுக்கு மின்னோட்டம் இதன் வழியே தொடர்கிறது. மின்சாரம் நின்றால் பிடி விடுகிறது. இச்சிறு தொடுமுனையும் திறந்துவிடுகிறது. மின்சாரம் திரும்பி வந்தாலும் சுருளுக்கு வழியில்லை.

சிவப்புப் பொத்தானும் மிகைச்சுமை ரிலேயும் சுருளுடன் தொடரிணைப்பில் உள்ளன. மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்தால், ரிலேயிலுள்ள ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து சுருளின் சுற்றைத் திறக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரிலே துண்டிப்பது சுருளின் சிறு மின்னோட்டத்தை மட்டுமே. பெரிய மின்னோட்டத்தைத் துண்டிப்பது சுருள்வில்லின் வேலை.

மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடட்டும் என்று சிலர் பச்சைப் பொத்தானை அழுத்தியபடி கட்டிவிடுவதுண்டு. மின்சாரம் இல்லையென நம்பி மோட்டாரில் கை வைத்திருப்பவரின் நிலை என்ன? இன்னும் சிலர் இரும்புத் துண்டையே குச்சி செருகி நிறுத்துவர். அப்போது சிவப்புப் பொத்தானும் பயன்படாது. ரிலே திறந்தாலும் தொடுமுனைகள் பிரியா. மோட்டார் கருகும், உயிருக்கும் ஆபத்து நேரலாம். காண்டாக்டர் பற்றிக்கொள்வதால் மோட்டார் ஓடுகிறது. விட்டுவிடுவதால் நாம் பிழைக்கிறோம். ஆனாலும் பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃபியூஸ்களைக் கழற்றுவது கட்டாயம்.

சிந்தித்துப் பாருங்கள்: அச்சிறு தொடுமுனையைப் பச்சைப் பொத்தானுடன் தொடரிணைப்பில் இணைத்தால் மோட்டார் ஓடுமா? சுற்றுப்படம் வரைந்து விடை காணுங்கள்.