காரின் காய்ச்சலை அறியும் கருவி

பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அம்மா முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். ஐயம் தீராவிட்டால் வெப்பமானியை எடுக்கிறார். அந்த வெப்பமானியே பழுதாகிப் பொய் சொன்னால் என்ன ஆகும்? வேண்டாத மருந்து உள்ளே போகும். வேண்டிய மருந்து கிடைக்காமற் போகும். சென்ற கோடையில் இந்நிலை எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் காருக்கு நேர்ந்தது. அதனால் நாங்கள் கற்ற பாடத்தை இவ்விதழ் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

தோழியின் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். பழனிக்கும் சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் பயணிகளை ஏற்றிச் செல்வார். அக்கார்தான் அக்குடும்பத்திற்குச் சோறு போடுகிறது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் கார் கரும்புகை கக்கத் தொடங்கிற்று. பெட்ரோல் வழக்கத்தைவிட மிகுதியாகச் செலவாயிற்று. சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி சுழலும். பிறகு நிற்பதே இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் வெப்பம் காட்டும் முள் குளிர்ப்பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் அணையவில்லை.

பட்டறை ஒன்றில் காட்டியபோது, "எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்கணும்" என்று கூறி ஒரு பெருந்தொகையும் சொன்னார்கள். மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். மறுநாள் தோழி வாடிய முகத்தோடு வகுப்புக்கு வந்தாள். செய்தியைக் கேட்ட எங்கள் இயற்பியல் சிஸ்டர், "பிரிப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். ஐந்து குறைகளும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று யோசியுங்கள்" என்றார்.

யோசித்தோம். குளிர்ந்த எஞ்சினுக்குத்தான் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். கூடுதல் பெட்ரோல் முழுதும் எரியாவிட்டால் கரும்புகை வரும். முள்ளும் குளிரையே காட்டுகிறது. அப்படியானால் எஞ்சின் கெடவில்லை; எஞ்சினின் சூட்டை அறிவிக்கும் கருவிதான் கெட்டிருக்க வேண்டும்!

கருவி வேலை செய்யும் விதம்

எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரைக் கூலன்ட் என்கிறோம். அதன் சூட்டை அளக்கும் சிறு கருவியைக் கடைத்தெருவில் டெம்பரேச்சர் சென்சார் என்பார்கள். பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன உடலின் நுனியில் தெர்மிஸ்டர் என்னும் பொருள் அடங்கியிருக்கும். செம்பு போன்ற உலோகங்களைச் சூடாக்கினால் அவற்றின் மின்தடை கூடும். தெர்மிஸ்டரிலோ சூடு ஏற ஏற மின்தடை குறையும். இத்தகைய பண்பை வெள்ளி சல்பைடில் மைக்கேல் பாரடே 1833-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்.

காரின் மூளையாகிய மின்னணுப் பெட்டி 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தனக்குள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக இச்சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சார் குளிர்ந்திருந்தால் அதன் முனைகளுக்கிடையே மின்னழுத்தம் அதிகமாக இருக்கும், சூடானால் குறையும். அதைக் கொண்டே மூளை வெப்பத்தைக் கணக்கிடுகிறது. சென்சாருக்குள் கம்பி அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அப்போது மூளைக்கு வந்து சேரும் செய்தி என்ன தெரியுமா? "வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 40 டிகிரி!" திண்டுக்கல்லின் அக்கினி நட்சத்திர வெயிலில் நின்றுகொண்டு கார் துருவக் குளிரில் நடுங்குவதாக நினைக்கிறது. பிறகு பழுதை உணர்ந்து விளக்கை ஏற்றுகிறது. எஞ்சின் கொதித்துவிடக் கூடாதே என்று முன்னெச்சரிக்கையாக விசிறியையும் ஓட்டுகிறது.

பழைய கார்பரேட்டர் கார்களில் இக்கருவி முள்ளை மட்டுமே அசைத்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800 கார்கள் அவ்வகையினவே. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையான பின்னர், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை நம் நாட்டுக் கார்களில் பரவலாயிற்று. அன்று முதல் இச்சிறு கருவி மூளைக்கே கண்ணாகிவிட்டது.

அளந்து பார்த்தோம்

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருந்தபோது தோழியும் அவள் தந்தையும் மல்டிமீட்டரோடு காரருகே சென்றார்கள். சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் நிலையில் வைத்துக் கனெக்டரின் இரு முனைகளில் அளந்தார்கள். ஏறத்தாழ 5 வோல்ட் இருந்தது. ஆகவே கம்பிகளும் மூளையும் நலமே. அடுத்துச் சாவியை அணைத்துவிட்டுச் சென்சாரின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்தார்கள். மீட்டர் எதையும் காட்டவில்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

புதிய சென்சார் வாங்கியதும் அதைப் பள்ளி ஆய்வகத்தில் சோதித்தோம். நுனியை மட்டும் நீரில் அமிழ்த்தி, பக்கத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டுச் சூடாக்கினோம். 30 டிகிரியில் ஏறத்தாழ 1,700 ஓம். 50 டிகிரியில் 830 ஓம். 80 டிகிரியில் 320 ஓம். வரைபடத் தாளில் குறித்தபோது, முதலில் செங்குத்தாகவும் பின்னர் மெதுவாகவும் இறங்கும் அழகிய வளைகோடு கிடைத்தது. எல்லாக் கார்களுக்கும் இவ்வெண்களே பொருந்தா. ஆனால் சூடேறும்போது தடை சீராக இறங்க வேண்டும் என்பது பொதுவிதி.

மாற்றும் முறை

1. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுதும் நிறுத்தி வைத்துக் காலையில் தொடங்குவது நலம். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும்.

2. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. பிரஷர் குக்கரைப் போலவே அம்மூடியும் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், உள்ளே 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் நீர் கொதியாமல் இருக்கும். திறந்த கணமே அது ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ஆறிய பின்னும் துணி போட்டு மெல்லத் திறப்பதே முறை.

3. சென்சார் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு மேல் ஹோஸ் புறப்படும் இடத்தில், தெர்மோஸ்டாட் அருகே இருக்கும். ஆயில் பிரஷர் சுவிட்சைச் சென்சார் என்று எண்ணிக் கழற்றிவிடாதீர்கள். காருடன் தந்த கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

4. கூலன்ட்டின் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கும் வரை சிறிதளவு சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். கூலன்ட்டில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளும் நாய், பூனைகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்க. சாக்கடையில் ஊற்றாதீர்.

5. கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்து இழுக்க வேண்டும்; கம்பியைப் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். பிறகு பொருத்தமான ஸ்பேனரால் சென்சாரை இடப்புறமாகத் திருகி எடுக்கலாம். சில கார்களில் மரைக்குப் பதிலாகக் கிளிப் இருக்கும்.

6. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து மரை, நீளம், முனைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ? சாவி மயிரிழை மாறினாலும் பூட்டு திறவாதல்லவா?

7. புதிய வாஷரையோ ரப்பர் வளையத்தையோ இட்டு, முதலில் விரல்களாலேயே திருக வேண்டும். இலகுவாக இறங்கிய பிறகே ஸ்பேனர். மிகையாக இறுக்கினால் அலுமினிய எஞ்சினின் மரை அழிந்துவிடும். சிறு செலவு பெருஞ்செலவாகும்.

8. கனெக்டரையும் பேட்டரியையும் இணைத்து, கூலன்ட்டை நிரப்ப வேண்டும். வாய்வடி நீரும் கூலன்ட்டும் கையேடு கூறும் அளவில் கலக்கப்பட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் கூடாது. நம் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலமே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைக்கும்.

9. திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேறிய பின் கொதிக்கும் முன்னரே மூடியை இட வேண்டும். விசிறி தானே ஓடி, தானே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். கசிவு இருக்கிறதா எனவும் பார்க்க வேண்டும். மறுநாள் ஆறிய நிலையில் மட்டத்தைச் சரிபார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும்.

மாணவியர் எவரும் இவ்வேலையைத் தனியே செய்ய முற்படலாகாது. அனுபவமுள்ள பெரியவர் உடனிருக்க வேண்டும். முள் சிவப்புக்கோட்டைத் தொட்டாலும் நீராவி வந்தாலும் அது வேறு நோய். மெக்கானிக்கிடமே செல்ல வேண்டும்.

இதை ஏன் இத்துணை வற்புறுத்துகிறோம்? கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலைப்பாதையில் எஞ்சின் உண்மையாகவே கொதிக்கும் வேளையில், "குளிர்ச்சியாக இருக்கிறது" என்று பொய்ச்சாட்சி சொல்லும் முள்ளை நம்பினால், எஞ்சினுக்கும் அதில் செல்வோருக்கும் கேடு விளையும்.

வேலை முடிந்தது. அடுத்த வாரம் தோழியின் தந்தை சிறுமலைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றார். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கியபோது, முள் நடுவில் நிமிர்ந்து நின்றதாம். கரும்புகை இல்லை, மஞ்சள் விளக்கும் இல்லை. வீடு திரும்பியதும் மகளைப் பார்த்து, "ஏம்மா, நீ மேல படிக்கிறதுக்கு வச்ச பணம் அப்படியே இருக்கு. படிப்புக்கு முன்னாடியே படிப்புத்தான் அதைக் காப்பாத்திருச்சு" என்றாராம். அவள் இதைச் சொன்னபோது எங்கள் கண்களும் கலங்கின.

இயற்பியல் நூலில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிய தெர்மிஸ்டர், ஒரு குடும்பத்தின் கவலையைத் தீர்த்தது. பெண்களுக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்போரும் உளர். அளப்பதற்கும் ஆராய்வதற்கும் ஆண் பெண் வேறுபாடு ஏது? பழுது எதுவாயினும் பதறாமல் முதலில் அளப்போம். பிறகு முடிவு செய்வோம். பதறாத காரியம் சிதறாது.

— பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாணவியர்