களைக்கொல்லியும் நீர்ப் பெரணிகளும்

பாலக்காட்டு நெல்வயலுக்குப் பசுந்தாள் உரமாகப் பயன்படும் அசோலாவும், இடுக்கி நீர்த்தேக்கத்தில் படர்ந்து தொல்லை தந்த ஆப்பிரிக்கப் பாயல் எனும் சல்வீனியாவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்த நீர்ப் பெரணிகளாகும். ஒன்று காக்கப்பட வேண்டியது. மற்றது ஒழிக்கப்பட வேண்டியது. களைக்கொல்லி இவ்வேற்றுமையை அறியாது.

பாரக்குவாட் மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒளிச்சேர்க்கையின்போது இது பசுங்கணிகத்தில் எலக்ட்ரான்களைக் கவர்ந்து ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. அதனால் உண்டாகும் சூப்பராக்சைடிலிருந்து பிறக்கும் வேதிப்பொருள்கள் செல் சவ்வுகளைச் சிதைக்கின்றன. செடியும் வாளாவிருப்பதில்லை. டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, காட்டலேஸ், பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் அதனையும் சிதைத்து நீராக்குகின்றன. அஸ்கார்பிக் அமிலமும் குளுடாதையோனும் துணை நிற்கின்றன. மருந்தின் அளவு குறைவாயின் பெரணி பிழைக்கிறது. மிகுந்தால் இந்நொதிகளே செயலிழக்கின்றன.

அசோலாவிற்கு மற்றோர் இடரும் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவது அதன் இலைக்குழியில் வாழும் அனபீனா எனும் நீலப்பசும்பாசியே. இப்பாசியின் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜனால் எளிதில் கெடக்கூடியது. ஆகவே, பெரணி பச்சையாகத் தோன்றினும் அதன் உரப்பயன் குறைந்திருக்கலாம். மருந்து தெளித்த கையோடு அசோலாவை இடுவது வீண் செலவேயாகும்.

பாயலின் நிலை வேறு. வித்தின்றியே பெருகும் அதன் சிறு துண்டொன்று தெளிப்புக்குத் தப்பினும் போதும், நீர்ப்பரப்பு மீண்டும் மூடிவிடும். 1980களில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட கூன்வண்டு விடப்பட்ட பின்னரே பல கால்வாய்கள் தெளிந்தன. பாரக்குவாட்டைக் கேரள அரசு 2011இல் தடை செய்தது.