ஒருங்கே திருத்தலும் பாடவேறுபாடும்: பகிர்வு மென்பொருளில் தமிழ்ச் சுவடிப் பதிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் திருத்தம் செய்யும்போது எழும் முரண்களை மென்பொருள்கள் எவ்வாறு கையாளுகின்றன, அம்முறைகள் தமிழ்ச் சுவடிப் பதிப்பிற்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மென்பொருள் முரணை நீக்க முனைகிறது. பதிப்பாசிரியரோ முரணைப் பதிவு செய்யும் கடப்பாடு உடையவர். இவ்விரு நோக்கங்களுக்கும் இடைப்பட்ட இழுவிசையே ஆய்வுப் பொருளாகிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்கே திருத்தல், பூட்டுமுறை, பாடவேறுபாடு, யூனிக்கோடு, சுவடிப் பதிப்பு.

முன்னுரை

சுவடி ஒப்புநோக்கல் நெடுங்காலம் ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் பணியாக, ஓர் அறைக்குள் நிகழ்ந்தது. இன்று ஒரே ஏட்டின் ஒளிப்படத்தை வெவ்வேறு ஊர்களில் இருப்போர் திறந்துவைத்து, பகிர்வுக் கோப்பொன்றில் ஒருங்கே பெயர்த்தெழுத இயல்கிறது. இருவர் ஒரே அடியில் கைவைத்தால் கோப்பில் எது எஞ்சும்? இது கணினியியல் வினாவாகத் தோன்றினும் மூலபாட ஆய்வின் வினாவே ஆகும்.

பூட்டுமுறை

கட்டட மாதிரியாக்கத்திற்குப் பயன்படும் ரெவிட் மென்பொருளில் நடுவண் கோப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொருவரும் அதன் படியைத் தம் கணினியில் வைத்துப் பணிபுரிவர். ஒருவர் ஒரு சுவரைத் திருத்தத் தொடங்கியதும் அச்சுவர் அவரிடம் கடனாகச் சேர்கிறது. அவர் தம் பணியை நடுவண் கோப்புடன் ஒத்திசைத்து விடுவிக்கும்வரை மற்றவர் அதைத் திருத்த இயலாது. வேண்டுகோள் அனுப்பிக் காத்திருக்கலாம். ஒரு சுவர் இரு இடங்களில் நிற்க இயலாது ஆதலின் கட்டடத்திற்கு இம்முறை மிகவும் ஏற்றது. பாடத்திற்கு அவ்வாறு சொல்ல இயலவில்லை. பூட்டப்பட்ட அடியை வேறு வகையில் வாசிக்கும் ஒருவர் தம் வாசிப்பைப் பதியாமலேயே நகர்ந்துவிடக்கூடும்.

விக்கிமூலம் அடியைப் பூட்டுவதில்லை. அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் தனி அலகாக அமைவதால் மோதல் நிகழும் வாய்ப்பு குறைகிறது. நிகழ்ந்தாலும் வெவ்வேறு வரித் திருத்தங்களை மென்பொருளே இணைத்துவிடும். இணைக்க இயலாதபோது பின்னர்ச் சேமிப்பவருக்கு இரு வடிவங்களும் காட்டப்படுகின்றன. மெய்ப்புப் பார்த்தவரும் இறுதியாகச் சரிபார்ப்பவரும் வேறு வேறானவராக இருத்தல் வேண்டும் என்னும் விதி, பதிப்பாசிரியர்க்கு உவப்பானது.

நிகழ்நேர இணைப்பு

தட்டச்சு செய்யச் செய்யத் திருத்தங்களை எல்லார் திரையிலும் சேர்க்கும் முறைக்கு 1989இல் எல்லிஸ், கிப்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அடித்தளமிட்டது. ஒருவரது செயலை மற்றவரது செயலுக்கு ஏற்ப இடம் மாற்றி அமைப்பதால் இதனைச் 'செயல்மாற்ற முறை' எனலாம். கூகுள் டாக்ஸ் இவ்வழியைப் பின்பற்றுகிறது. 2011இல் ஷப்பிரோ முதலியோர், நடுவண் கணினியின் துணையின்றியே படிகள் ஒன்றுசேரும் தரவமைப்புகளை முறைப்படுத்தினர். இரு முறைகளும் அளிக்கும் உறுதி ஒன்றே: இறுதியில் எல்லாத் திரைகளிலும் ஒரே பாடம் நிற்கும். அப்பாடம் பொருளுடையதா என்பதற்கு அவ்வுறுதி பொறுப்பேற்பதில்லை.

தமிழில் இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஏட்டெழுத்தில் எகர, ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு பொதுவாகக் காட்டப்பெறுவதில்லை. மங்கிய கொம்பைக் காணாத ஒருவர் ஒரு சொல்லைக் 'காடு' எனப் பெயர்த்துள்ளார் எனக் கொள்வோம். கொம்பைக் கண்டுணர்ந்த இருவர் ஒரே நேரத்தில் அதனைத் திருத்துகின்றனர். ஒருவர் 'கொடு' எனவும் மற்றவர் 'கோடு' எனவும் கொள்கின்றனர். யூனிக்கோட்டில் 'காடு' என்பது ககரம், கால், டகரம், உகரக்குறி என நான்கு குறிகள். இருவரும் காலை நீக்கித் தத்தம் குறியை இடுகின்றனர். நீக்கங்கள் இரண்டும் ஒன்றாகிவிட, இடுகைகள் இரண்டும் எஞ்சுகின்றன. ஒரு ககரத்தின் மேல் ஒகரக்குறியும் ஓகாரக்குறியும் ஏறி, இரண்டாவது குறி புள்ளி வட்டத்துடன் தொங்கி நிற்கும். தமிழில் இல்லாத எழுத்து ஒன்று பிறந்துவிட்டது. மென்பொருளின் கணக்கிலோ முரண் ஏதும் இல்லை. உயிர்மெய்யை முழுமையாக அழித்து எழுதியிருப்பின் 'கொகோடு' என அமையும். இது வடிவில் பிழையற்றது ஆதலின் மெய்ப்பில் தப்பிவிடும். இதுவே பெரிய இடர் எனத் தோன்றுகிறது.

குறியை விடுத்து எழுத்தையே அலகாகக் கொள்ளுதல் முதல் தேவை. யூனிக்கோடு தரத்தின் 29ஆம் பின்னிணைப்பு 'கொ' என்பதை ஒரே எழுத்துக் கொத்தாகவே கருதுகிறது. 'கொ' என்பதை ககரம், ஒகரக்குறி என இரு குறிகளாகவும், ககரம், கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒப்பீட்டிற்கு முன் இவற்றை ஒருபடுத்தாவிடில் இல்லாத பாடவேறுபாடுகள் பெருகும்.

முரணைக் காத்தல்

எழுத்து உடையாமல் காப்பினும் 'கொடு', 'கோடு' என்னும் சிக்கல் தீராது. இந்நிலையில் தரவமைப்புகள் இரு வழிகளைத் தருகின்றன. ஒன்று, பின்னர் எழுதியவரது மதிப்பை மட்டும் கொண்டு மற்றதைக் கைவிடுவது. மற்றொன்று, ஒருங்கே எழுதப்பட்ட மதிப்புகளைப் பன்மதிப்பாகச் சேர்த்து வைத்து, தேர்வை மனிதரிடம் விடுவது. முன்னதில் கடிகாரம் பதிப்பாசிரியராகிறது. பின்னது, உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாக அளித்த நெறிக்கு நெருங்கியது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்குப் பேணியாக வேண்டும். பிரதிபேதம் என்பது ஏடுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. மேற்கண்டதோ ஒரே ஏட்டை இருவர் வாசித்ததால் எழுந்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், ஒரு சுவடி இரு சுவடிகளுக்குச் சான்றாக நிற்கும் போலித் தோற்றம் உண்டாகும். மின்பதிப்பிற்குப் பரவலாகப் பயன்படும் டி.இ.ஐ. குறியேற்ற நெறியில், பாடத்திற்குச் சான்றான சுவடியைச் சுட்டவும், வாசிப்பிற்குப் பொறுப்பானவரைச் சுட்டவும் தனித்தனிப் பண்புகள் உள்ளன. பகிர்வு மென்பொருளில் எழும் ஒருங்கு முரணைப் பின்னைய பண்பின்கீழ்த் தானாகவே பதியுமாறு அமைத்தல் இயலும்.

தேர்வு வேறொரு நாளில், வேறொரு சான்றால் நிகழலாம். 'கொடு' நிரையசை, 'கோடு' நேர்நேர். வெண்பாவாயின் முன்சீரோடு தளை பார்த்து ஒன்றைத் தள்ள இயலும். உரைநடைப் பகுதியாயின் அத்துணை கிட்டாது, மற்றோர் ஏடு கிடைக்கும்வரை இரண்டும் கோப்பில் நிற்க வேண்டும்.