முதுகை நீவச் சொல், கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஆறாம் மாதம் பிறந்ததும் இடுப்பு கடுக்கிறது, மாமியார் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுகிறேன் என்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றால் ஏழு மாடி ஏறுகிறவளுக்கு இடுப்பு கடுக்காதா? ரத்தப்போக்கோ வேறு சிக்கலோ இல்லை, டாக்டரும் சரி என்றால், தாராளமாகப் பிடித்துவிடச் சொல்.

மல்லாந்து மட்டும் படுக்காதே. இந்த மாதத்தில் மல்லாந்தால், காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தைக் கருப்பை அழுத்தும். தலை கிறுகிறுக்கும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையும் வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய புடவையும் வைத்துக்கொள். முதுகெலும்பை விட்டு அதன் இரு பக்கமும் உள்ளங்கையால் மெல்ல நீவட்டும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் போதும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்காதே.

எனக்குக் கவலையெல்லாம் உன் கெண்டைக்கால்தான். பிரசவத்தில் அதிக ரத்தம் போய்விடக் கூடாதென்று, கர்ப்பிணியின் ரத்தம் முன்கூட்டியே எளிதில் உறையும் தன்மைக்கு மாறிவிடுகிறது. அதனால் கால் நாளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அமுக்கித் தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும், உயிருக்கே ஆபத்து. மாலையில் இரண்டு பாதமும் லேசாக வீங்கினால் காலைத் தூக்கி வைத்துக்கொள், மேலாக வருடினால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் யாரையும் தொடவிடாதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. விடாத தலைவலி, கண் மங்கல், திடீரென முகமும் கையும் வீங்குவது இவையெல்லாம் ரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

வயிற்றை உருவினால் குழந்தை திரும்பும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நஞ்சுக்கொடி பிரிந்துவிடக்கூடும். குழந்தையைத் திருப்ப வேண்டியிருந்தால், 37 வாரம் நெருங்கும்போது ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து டாக்டர்தான் செய்வார்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் இப்படிப் பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்பார்கள். அங்கே போனாலும் முதலில் எத்தனையாவது மாதம் என்று சொல்லி, மருத்துவர் சரியென்ற பிறகே ஆரம்பிக்கச் சொல்.

மாமியாரின் கை உன் முதுகுக்கு இப்போதே பழகட்டும். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். வலி எடுக்கும்போது அடி முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் எவ்வளவோ தாங்கலாம்.

அன்புடன்,
உன் சித்தி