பாட்டு நாடகம் எழுத வரும் பிள்ளைகளுக்கு

இசை நாடகத்துக்கும் குழந்தைகள் தொலைக்காட்சிக்கும் எழுத ஆசைப்பட்டு வருகிறவர்களை நான் முதலில் லின் ஆரன்ஸைப் படிக்கச் சொல்வேன். நியூயார்க்கில் விளம்பர நிறுவன வேலையில் இருந்தவர், ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ என்ற குழந்தைகள் தொடருக்குப் பாட்டெழுதினார். அப்புறம்தான் பிராட்வே. 1998இல் ‘ராக்டைம்’ பாடல்களுக்கு டோனி விருது.

1. மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ பாட்டுகள் சனிக்கிழமை காலை கார்ட்டூன்களுக்கு நடுவே வந்து போனவை. பெயர்ச்சொல்லுக்கு ஒன்று, கிரகங்களுக்கு ஒன்று. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகப்புரையையே ஆரன்ஸ் மெட்டில் உட்கார வைத்தார். தொடக்கத்தில் வரும் நாட்டின் பெயர் மட்டும் அதில் இல்லை. எதை விடுவது என்று தெரியாதவர் மேடைக்கு எழுத முடியாது.

2. குழந்தைதானே என்று மழலை பேசாதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

3. உங்களுக்கான இசையமைப்பாளரைத் தேடிப் பிடியுங்கள். பிஎம்ஐ அமைப்பு நடத்திய பட்டறையில் ஆரன்ஸுக்கு ஸ்டீபன் ஃப்ளாஹெர்ட்டி கிடைத்தார். 1980களில் சேர்ந்த ஜோடி, பிரியவே இல்லை.

4. காட்சியின் உச்சத்தைப் பாட்டுக்கு விட்டுக்கொடுங்கள். வசனத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் பாடுகிறவருக்கு என்ன மிஞ்சும்? இந்த ஜோடி எழுதி 1990இல் வந்த ‘ஒன்ஸ் ஆன் திஸ் ஐலேண்ட்’ பிரதியைக் கையில் எடுங்கள். எழுத்தாளர் ரோசா கீயின் நாவலைத் தழுவியது. புயல் இரவு; இடிக்குப் பயந்து அழும் சிறுமிக்கு ஊரார் கதை சொல்கிறார்கள். சொல்பவர்களே தெய்வங்களாகிறார்கள், மரமாகிறார்கள், மழையாகிறார்கள். அந்த ஒரே ஏற்பாட்டில் அரங்கப் பொருளும் விளக்க வசனமும் தேவையற்றுப் போகின்றன. சுமார் ஒன்றரை மணி நேரம், இடைவேளை கிடையாது. எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

5. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். அமெரிக்காவில் மேடைப் பிரதியின் காப்புரிமை வழக்கமாக எழுதியவரிடமே தங்கும். தொலைக்காட்சிக்கு எழுதியது பெரும்பாலும் தயாரிப்பாளருக்குப் போய்விடும். உரிமை கையில் இருந்தால்தான் பிரதிக்கு மறுபிறவி உண்டு. சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸின் கதைகளிலிருந்து ஆரன்ஸும் ஃப்ளாஹெர்ட்டியும் எழுதிய ‘சூசிக்கல்’ 2000இல் பிராட்வேக்கு வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள். 198 காட்சிகளோடு திரை விழுந்தது. இருவரும் பிரதியைத் திரும்ப எடுத்துத் திருத்தினார்கள். சிறுவர் அரங்குக்கென்று சுருக்கிய வடிவமும் வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் மேடையேறும் இசை நாடகங்களில் இன்று அதுவும் ஒன்று.