திருமணத்திற்கு முன்பே பேசவேண்டிய காரியம்



இம்மாத மருத்துவப் பாடத்தில், வலிப்பு நோயுள்ள சகோதரிகள் கருத்தரிப்பதற்கு முன்பே அறியவேண்டியவற்றை எழுதுகிறோம். உங்கள் வீட்டிலோ சபையிலோ அப்படிப்பட்ட ஒரு மகள் இருக்கக்கூடும். வாசித்தபின் இத்தாளை அவள் கையில் சேர்ப்பியுங்கள்.

பெண்ணுக்கு வலிப்பு இருப்பது தெரிந்தால் வரன் அமையாது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆகவே நோயை மறைத்துத் திருமணம் முடிக்கிறார்கள். புகுந்த வீட்டார் மாத்திரையைக் கண்டுவிடுவார்களோ என்று சில பெண்கள் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு சிலர் மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் அது கருவுக்கு ஏற்ற மருந்துதானா என்று கேட்பதில்லை. மூன்றாம் மாதத்தில் மருத்துவமனைக்கு வரும்போது, முக்கியமான நாட்கள் கடந்துபோயிருக்கும்.

ஏனெனில், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளுகிறது. அது சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கலாம். நாள் தள்ளிப்போயிற்று என்று தாய் உணரும் வேளையில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆகவே ஆயத்தம் முன்பே வேண்டும்.

கவனிக்கவேண்டியவை

1. மருந்தின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். சோடியம் வால்ப்ரோயேட் வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்தும் மருந்து. ஆனால் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைகள் காணப்படுகின்றன. பொதுவாக இது 100க்கு 2 அல்லது 3 மட்டுமே. பிள்ளையின் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம். லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம் ஆகிய மருந்துகளில் பிறவிக் குறை ஏற்படும் ஆபத்து மிகவும் குறைவு.

2. நீங்களாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். மருத்துவர் ஒன்றைப் படிப்படியாகக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவார். புதிய மருந்தில் வலிப்பு அடங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஆகவே குறைந்தது 6 மாதம் முன்னதாகவே வாருங்கள்.

3. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள். முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாருக்கு, மறுபடியும் அது நேருவதை இம்மாத்திரை ஏறக்குறைய முக்கால் பங்கு தடுத்தது என்று 1991ல் வெளியான ஆய்வு காட்டியது. அளவை மருத்துவர் சொல்லுவார்.

4. ஆயத்தம் முடியும்வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க விரும்புகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபெனிடாயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

5. கருத்தரித்தபின்பும் மருந்தைத் தொடருங்கள். லாமோட்ரிஜின் போன்ற சில மருந்துகளின் அளவு கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் குறைந்துவிடுவதால், அடிக்கடி பரிசோதனை தேவை.

இவற்றை வாசித்து ஒருவரும் கலங்கவேண்டாம். வலிப்பு நோயுள்ள தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றெடுக்கிறார்கள். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் இத்தகைய தாய்மாருக்கென்றே ஒரு பதிவேடு வைத்து, அவர்களையும் குழந்தைகளையும் கவனித்து வருகிறது. நம் நாட்டின் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திருமணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பு நோய், 1999ல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன தடை நம் மனதிலிருந்தும் போகவேண்டாமா?

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. வலிப்பு வந்தவுடன் பிசாசின் கிரியை என்று சொல்லி மாத்திரையை எறியச் சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவுலோடு ஊழியம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நாம் மறக்கவேண்டாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. திருமண ஆலோசனைக்கு வரும் இளம் தம்பதியர் நோயை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பேசவும், இருவருமாக மருத்துவரைக் காணவும் உதவுங்கள். கணவன் அறிந்திருந்தால் மாத்திரையை ஒளித்துவைக்கவேண்டிய அவசியம் இராது.

அன்பான பங்காளர்களே, வலிப்பு மருந்தை ஒரு வேளையும் தவறாமல் சாப்பிடவேண்டும். கையில் காசில்லாத மாதத்தில் ஏழைச் சகோதரி முதலில் நிறுத்துவது தன்னுடைய மருந்தைத்தான். அந்த மாத்திரை நின்றுபோகாதபடி உங்கள் காணிக்கை உதவுகிறது. 

ஜெபக் குறிப்புகள்

* நோயை வெளியே சொல்லப் பயந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தைரியம் கிடைக்க ஜெபியுங்கள்.

* மருந்து மாற்றிக்கொண்டிருக்கும் சகோதரிகள் அந்த மாதங்களில் பாதுகாக்கப்பட ஜெபியுங்கள்.

* மருமகளின் நோயை அறிந்தும் அவளை மகளாக ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்காகக் கர்த்தரைத் துதியுங்கள்.